உயில் இருந்தால் புரோபேட் வாங்க வேண்டுமா? கொங்குப் பகுதிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

புரோபேட் என்பது நீதிமன்றம் ஓர் உயிலைச் சோதித்து, இது இறந்தவர் எழுதிய கடைசி உயில்தான், சட்டப்படி எழுதப்பட்டதுதான் என்று முத்திரை போட்டுத் தருவது. கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர், சேலம் பக்கம் குடியிருந்தவர் இங்கேயே உள்ள சொத்துக்கு இங்கேயே எழுதிய உயிலுக்கு அது கட்டாயம் இல்லை. இந்துக் குடும்பங்களுக்கு இதுவரை இருந்ததும் இல்லை. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் அந்தக் கட்டாயத்தைச் சென்னை, மும்பை மாநகர எல்லைக்கும் பழைய வங்காளப் பகுதிக்கும்தான் வைத்திருந்தது. ஈரோட்டுக்காரர் மயிலாப்பூரில் ஒரு வீடு வாங்கிப் போட்டிருந்தால் அந்த வீட்டுக்காக மட்டும் சிக்கல் வந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தக் கட்டாயத்தை வைத்திருந்த 213ஆம் பிரிவையே நீக்கிவிட்டதால், இனி சென்னைச் சொத்துக்கும் பழைய பயம் வேண்டியதில்லை.

சரி, அப்படியானால் புரோபேட்டை மறந்துவிடலாமா? முடியாது. பங்காளிகளில் ஒருவர் முறுக்கிக்கொண்டால், அல்லது உயில் எழுதியவர் வட்டிக்கு விட்ட பணம் வெளியே நின்றால், அதைப் போல உதவும் காகிதம் வேறில்லை. ஆனால் இறப்பு நடந்த வீட்டில் முதல் வேலை அது அல்ல. வரிசையாகப் பார்க்கலாம்.

இறப்புச் சான்றிதழ்: பெயரில் கவனம்

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. அதற்கு மேல் போனால் தாமதக் கட்டணம், இன்னும் இழுத்தால் மேலதிகாரி உத்தரவு என்று வளரும். எங்கே இறந்தாரோ அங்கேதான் பதிவு. கோபிச்செட்டிபாளையத்துக்காரர் கோவை ஆஸ்பத்திரியில் இறந்தால் கோவை மாநகராட்சியில் பதிவாகும். ஊர் விஏஓவிடம் போய் நிற்பதில் பயன் இல்லை. தோட்டத்து வீட்டில் இறந்திருந்தால் விஏஓதான்.

பலரும் சறுக்குவது பெயரில். ஆதாரில் ‘பழனிசாமி’, பத்திரத்தில் ‘பழனிச்சாமிக் கவுண்டர்’, பேங்க் பாஸ்புக்கில் இனிஷியல் மாறி ஒரு பெயர் என்று இருக்கும். ஆஸ்பத்திரிப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பவர் பெரும்பாலும் அழுது களைத்த யாரோ ஒரு மருமகன். அந்த ஒரு நிமிடத்தில் ஆதாரைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பத்திரத்தில் வேறு மாதிரி இருந்தால், இரண்டும் ஒரே நபர்தான் என்று பின்னால் சான்று வாங்கிக்கொள்ளலாம். சான்றிதழில் தப்பு விழுந்தால் அதற்குப் பின் வரும் ஒவ்வொரு காகிதத்திலும் அந்தத் தப்பு தொடர்ந்து வரும். நாலைந்து பிரதி சேர்த்தே எடுத்து வையுங்கள்.

இந்தச் சமயத்தில் செய்யக்கூடாத ஒன்றும் உண்டு. இறந்தவரின் ஏடிஎம் கார்டை வைத்தோ போனில் இருக்கும் செயலியை வைத்தோ காரியச் செலவுக்கு என்று பணம் எடுக்காதீர்கள். எடுப்பவருக்குக் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் பிறகு தகராறு வந்தால் பேங்க் ஸ்டேட்மென்டில் அந்த வரிதான் முதலில் கண்ணில் படும்.

உயிலைத் தேடுவது

பீரோ, பேங்க் லாக்கர், வழக்கமாகப் போகும் வக்கீல், ஆடிட்டர், பத்திரம் எழுதுபவர் என எல்லா இடத்திலும் கேளுங்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து ‘ஈசியில் உயில் எதுவும் இல்லை, அதனால் எழுதவில்லை’ என்று முடிவு கட்டுகிறார்கள். அது தவறு. பதிவு செய்த உயில்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் 3ஆம் புத்தகம் என்ற தனிப் பதிவேட்டில் ஏறுகின்றன; அவை ஈசியில் வராது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதன் நகல் அவருக்கோ அவர் அனுப்பும் முகவருக்கோதான் கிடைக்கும். இறந்த பிறகு இறப்புச் சான்றிதழோடு யார் விண்ணப்பித்தாலும் கிடைக்கும். உறையிலிட்டு, முத்திரை வைத்து, மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கும் முறையும் உண்டு. விவரமானவர் ஒருவர் போய்ச் சேர்ந்திருந்தால் அதையும் விசாரிப்பது நல்லது.

பதிவு செய்யாத உயிலும் உயில்தான். முத்திரைத்தாளும் தேவையில்லை, வெள்ளைத்தாளில் எழுதியது போதும். வேண்டியது எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும். இரண்டு உயில் கிடைத்தால் பதிவானது எது என்று பார்க்காதீர்கள், பிந்தியது எது என்று பாருங்கள். 2012இல் பதிவு செய்த உயிலை 2021இல் நோட்டுத்தாளில் எழுதிய உயில் ரத்து செய்யும், அது சரியாக எழுதப்பட்டிருந்தால்.

மூலப் பிரதியை லேமினேட் செய்யாதீர்கள். அதன் மேல் எதுவும் எழுதாதீர்கள், பின் அடிக்காதீர்கள். நீதிமன்றத்தில் அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்துத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வியே தொடங்குவார்.

எது யாருடைய சொத்து

எங்கள் பக்கம் கசப்பெல்லாம் பிறப்பது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஒருவர் தன் சொத்துக்குத்தான் உயில் எழுத முடியும். பூர்வீகத்தில் பிள்ளைகளுக்குப் பிறப்பால் வந்த பங்கை அவர் உயிலில் யாருக்கும் கொடுக்க முடியாது. ‘மொத்தத் தோட்டமும் பெரியவனுக்கு’ என்று எழுதியிருந்தாலும் அது அவர் பங்குக்கு மட்டும்தான் செல்லும்.

ஆனால் தாத்தாவிடமிருந்து வந்ததெல்லாம் பூர்வீகம் என்று நினைப்பதும் தவறு. அப்பாரு தன் சம்பாத்தியத்தில் வாங்கிய காடு, இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956க்குப் பிறகு அவர் உயில் எழுதாமல் இறந்ததால் உங்கள் அப்பாவுக்கு வந்தது என்றால், அது அப்பாவின் தனிச் சொத்து. 1986இல் உச்ச நீதிமன்றம் சந்தர் சென் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. அப்பாரு காலத்துக்கு முன்பிருந்தே பாகம் பிரியாமல் வந்த நிலம் வேறு கதை.

கணக்கு எப்படிப் போகும்? அப்பா இறந்துவிட்டார். அம்மா, இரண்டு மகன், காங்கேயத்தில் கட்டிக்கொடுத்த ஒரு மகள். உயில் இல்லை. சுயசம்பாத்தியம் என்றால் நால்வருக்கும் நாலில் ஒன்று. இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் ஐந்தில் ஒன்று. அந்த ஆத்தாவையும் முதல் வகுப்பு வாரிசாகச் சட்டம் வைத்திருக்கிறது, பட்டியல் எழுதுகிறவர்கள்தான் அவரை விட்டுவிடுகிறார்கள். பூர்வீகம் என்றால் முதலில் அப்பா, மூன்று பிள்ளைகள் என்று நாலாகப் பிரித்து, அப்பாவின் கால் பங்கை மறுபடி நால்வருக்குப் பிரிக்க வேண்டும். ஆக ஒவ்வொரு பிள்ளைக்கும் பதினாறில் ஐந்து, அம்மாவுக்குப் பதினாறில் ஒன்று.

மகளுக்கும் அதே ஐந்து. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25க்குப் பிறகு திருமணமான பெண்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் மாநிலத் திருத்தமே அதைக் கொடுத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியத் திருத்தம் எல்லாப் பெண்களுக்கும் கொடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற வாதத்தையும் 2020 ஆகஸ்ட்டில் வினீதா சர்மா வழக்கின் தீர்ப்பு முடித்து வைத்தது, தேவையில்லை என்றது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பத்திரம் பதிவாகியோ நீதிமன்றத் தீர்ப்பாலோ முடிந்த பாகப்பிரிவினை அப்படியே நிற்கும். ‘கல்யாணத்தில் அம்பது பவுன் போட்டோம், சீரெல்லாம் செய்தோம், அதிலேயே கழிந்தது’ என்பது உறவுக்குள் பேசிக்கொள்ளலாம், சட்டத்தில் நிற்காது. மகள் மனமுவந்து விட்டுக்கொடுக்கிறார் என்றால் அதைப் பதிவு செய்த விடுதலைப் பத்திரமாக வாங்குங்கள். வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கி வைப்பதால் ஒரு பயனும் இல்லை. பத்திர ஆபீஸ் வாசலில் வைத்து ‘இங்கே ஒரு கையெழுத்துப் போடு அம்மிணி’ என்று அவசரப்படுத்துவதும் வேண்டாம். என்ன விட்டுக்கொடுக்கிறோம் என்று படித்துத் தெரிந்து போட்ட கையெழுத்துத்தான் பின்னால் உங்களையும் காப்பாற்றும்.

பட்டியல் எழுதும்போது நிலத்தை சர்வே எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். தோட்டம் என்றால் கிணறு உண்டு. கிணற்றில் எத்தனை பாகம், எந்த நாள் முறைத் தண்ணீர், மோட்டாரும் இலவச மின் இணைப்பும் யார் பெயரில், குழாய் யார் காட்டுக்குள் போகிறது, வண்டித்தடம் எத்தனை அடி, அது இட்டேரியில் எங்கே சேர்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் நாலு ஏக்கரையும் அளந்து சரியாகப் பிரித்துவிட்டு, ‘கிணறு பொது’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக அடுத்த தலைமுறை முன்சீப் கோர்ட்டுக்கு நடக்கும்.

அதோடு நகைக்கடன், கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், சங்கப் பங்கு, சீட்டு, கொடுத்த கைமாத்து, வாங்கிய கைமாத்து. இறந்தவரின் கடனுக்கு வாரிசுகள் பொறுப்பு, ஆனால் அவரிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்கு மட்டும்தான். உங்கள் சொந்தச் சம்பளத்தில் கட்டச் சொல்லி யாரும் மிரட்ட முடியாது.

உயில் இல்லாத வீடு

இங்கே புரோபேட் என்ற பேச்சே கிடையாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, விஏஓ, ஆர்ஐ விசாரணை முடிந்து, தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ்தான் அடித்தளம். அது யார் யார் வாரிசு என்று சொல்லும். யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது.

நிலம், வீட்டுக்கு எல்லா வாரிசுகளும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யலாம். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதம்தான். 2023 ஜூலையில் ஏற்றியபடி அதன் உச்சவரம்பு ஒரு பாகத்துக்கு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய். வாரிசுகளில் பதினெட்டு நிரம்பாத பிள்ளை இருந்தால் அதன் பங்கை விற்க, தாயாகவே இருந்தாலும், முன்கூட்டியே நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் விற்றால் அந்தப் பிள்ளை பெரியவனாகி வழக்குப் போடலாம்; அதனால்தான் விவரமான வாங்குபவர்கள் அப்படிப்பட்ட நிலத்தைத் தொடமாட்டார்கள்.

பேங்கில் நாமினி இருந்தால் இறப்புச் சான்றிதழும் அடையாளமும் கொடுத்துப் பணத்தை எடுக்கலாம். நாமினி பணத்தை வாங்கும் ஆள்தான், அதன் முதலாளி அல்ல; மற்ற வாரிசுகளுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். உச்ச நீதிமன்றம் இதை 1983லேயே சொல்லிவிட்டது, கம்பெனிப் பங்குகளுக்கு 2023இல் மறுபடி சொன்னது. ‘அப்பா என்னைத்தான் நாமினி போட்டார், அதனால் எனக்குத்தான்’ என்கிற மகனுக்கு இதைப் பொறுமையாகச் சொல்லிப் புரியவையுங்கள். நாமினி இல்லாமல் பெரிய தொகையாக இருந்தாலோ வாரிசுகளுக்குள் ஒத்துப்போகாவிட்டாலோ பேங்க் வாரிசுரிமைச் சான்று கேட்கலாம். இது தாசில்தார் தருவது அல்ல, நீதிமன்றம் தருவது. டெபாசிட், கடன், பங்குப் பத்திரம் ஆகியவற்றுக்கு மட்டுமே செல்லும், நிலத்துக்குச் செல்லாது.

புரோபேட் எப்போது கைகொடுக்கும்

உயில் இருந்து, பிள்ளைகள் எல்லோரும் ‘ஐயன் எழுதினபடியே ஆகட்டும்’ என்று ஒத்துப்போனால், உயிலையும் இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் வைத்துப் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையில்லாக் கடிதம் இருந்தால் இன்னும் சுலபம். இந்த நிலையில் கோர்ட்டுக்குப் போவது வீண் செலவு என்பது என் கருத்து.

தகராறு வருமா வராதா என்று சந்தேகம் இருந்தால்? போங்கள், அதுவும் உயிலின் சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே. புரோபேட் கிடைத்துவிட்டால் அந்த உயில் மெய்யா என்ற கேள்வி உலகத்தில் யாருக்கும் எதிராக முடிந்த கேள்வி. தாமதித்தால் மூன்று ஆண்டு வரம்பு கடந்துவிட்டது என்ற வாதமும் எதிர்த்தரப்பில் கிளம்பும்.

இரண்டாவது காரணம் வட்டிக்கடன். எங்கள் பக்கம் ஃபைனான்ஸ் வைத்திருக்காத ஊர் குறைவு. இறந்தவர் பெயரில் புரோநோட்டுகள் இருந்து, கடன் வாங்கியவர் திருப்பிக் கொடுக்க மறுத்தால், வாரிசுகள் வழக்குப் போடலாம். ஆனால் புரோபேட்டோ, சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் நிர்வாக உரிமைப் பத்திரமோ, வாரிசுரிமைச் சான்றோ இல்லாமல் நீதிமன்றம் தீர்ப்பு எழுதாது. நோட்டு எழுதிய தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும், இறப்பினால் அந்தக் கெடு நிற்காது. அதனால் பீரோவைத் திறந்ததும் புரோநோட்டுகளின் தேதியைத்தான் முதலில் பாருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். புரோபேட் உயில் உண்மையா என்று சொல்லும், சொத்து அவருடையதா என்று சொல்லாது. பூர்வீகத்தை உயிலில் எழுதி வைத்து அதற்குப் புரோபேட்டும் வாங்கிவிட்டால் மகளின் பங்கு போய்விடும் என்று யாராவது யோசனை சொன்னால், அந்த யோசனைக்குக் கட்டணம் கொடுக்காதீர்கள். முஸ்லிம் குடும்பங்களுக்கு வேறு விதி: மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் செல்லாது.

மனுவிலிருந்து உத்தரவு வரை

உயிலில் சொன்னதைச் செய்து முடிக்கும் நிறைவேற்றாளர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் புரோபேட் கிடைக்கும். யார் பெயரும் இல்லை என்றாலோ அவர் இறந்துவிட்டாலோ, சொத்துப் பெறுபவர் உயிலை இணைத்து நிர்வாக உரிமைப் பத்திரம் கேட்க வேண்டும். நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். இறந்து ஏழு நாள் கழியாமல் புரோபேட்டும், பதினான்கு நாள் கழியாமல் நிர்வாகப் பத்திரமும் தர முடியாது. கருமாதி முடிவதற்குள் எந்த வக்கீலும் அவசரப்படத் தேவையில்லை.

இறந்தவர் நிலையாகக் குடியிருந்த இடம், அல்லது அவர் சொத்தில் ஏதாவது ஒன்று இருக்கும் இடம், அந்த மாவட்ட நீதிமன்றத்தில் மனு போடலாம். மனுவில் இறந்த தேதி, இது கடைசி உயில், முறைப்படி எழுதப்பட்டது, மனுதாரர்தான் நிறைவேற்றாளர், கைக்கு வரக்கூடிய சொத்தின் மதிப்பு, நெருங்கிய உறவினர்களின் பெயர், முகவரி எல்லாம் இருக்க வேண்டும். சொத்து மதிப்பை வைத்து நீதிமன்றக் கட்டணம். சாட்சிகளில் ஒருவராவது கிடைப்பார் என்றால் அவரும் மனுவில் உறுதிமொழி கொடுக்க வேண்டும். மூல உயில் நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்படும்.

பிறகு எல்லா வாரிசுகளுக்கும் அறிவிப்பு போகும், நாளிதழிலும் விளம்பரம் வரும். துபாயில் இருக்கும் தம்பிக்கும் போகும். யாருடைய பெயரையும் மறைக்காதீர்கள். மறைத்து வாங்கிய புரோபேட்டைப் பிறகு ரத்து செய்யலாம்.

உண்மையான சோதனை சாட்சிக்கூண்டில். உயிலில் கையெழுத்திட்ட இருவரில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். எதிர்ப்பு இருந்தால் கேள்விகள் இப்படித்தான் வரும்.

‘எழுதினப்ப அவரு திண்ணையில இருந்தாரா, கட்டிலிலயா?’

‘திண்ணையிலங்க.’

‘அவரு கையெழுத்துப் போட்டத நீங்க பார்த்தீங்களா?’

‘பார்த்தனுங்க.’

‘நீங்க போட்டத அவரு பார்த்தாரா?’

இந்தக் கடைசிக் கேள்வியில் சாட்சி தடுமாறினால் வழக்கே தடுமாறும். எழுதியவர் கையெழுத்திட்டதைச் சாட்சி கண்டிருக்க வேண்டும், அல்லது அது தன் கையெழுத்து என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். அப்புறம் அவர் கண்முன் தான் கையெழுத்திட்டிருக்க வேண்டும். இரண்டு சாட்சியும் ஒரே நேரத்தில் இருந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பத்திர ஆபீஸ் வாசலில் யாரோ கேட்டதற்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர் சாட்சி என்றால், அது அங்கேயே உடைந்துவிடும். இருவரும் இறந்திருந்தால் ஒருவரின் கையெழுத்தையும் உயில் எழுதியவரின் கையெழுத்தையும் அடையாளம் காட்டும் வழி இருக்கிறது, கடினமான வழி.

சந்தேகத்தைத் தீர்ப்பது உயிலைக் கொண்டுவருபவரின் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1958லேயே வகுத்தது. நடுங்கும் கையெழுத்து, காரணம் சொல்லாமல் மனைவியை விட்டுவிட்டது, அதிகம் பெறும் மகனே கூட இருந்து எழுதவைத்தது ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் நீதிபதி புருவத்தை உயர்த்துவார். யாராவது எதிர்ப்பு மனுவோ கேவியட்டோ போட்டால் விவகாரம் அசல் வழக்காக மாறி ஆண்டுகள் ஓடலாம். யாரும் எதிர்க்காவிட்டால் பெரும்பாலும் சில மாதத்தில் உத்தரவு.

கையில் வந்த பிறகு

நிறைவேற்றாளர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பலருக்கு இது தெரிவதே இல்லை. பத்திரத்தை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். முதலில் காரியச் செலவு, பிறகு கடன்கள், அதற்குப் பிறகுதான் உயிலில் சொன்னவர்களுக்குப் பங்கு.

பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு, தோட்டத்து மோட்டார் இணைப்பு ஆகியவற்றை அந்தந்த அலுவலகத்தில் மாற்றுங்கள். நாமக்கல் லாரியோ வீட்டு பைக்கோ, உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். இன்சூரன்ஸிலும் பெயர் மாற்றுங்கள். திருப்பூரில் இரண்டு பேர் கூட்டாக நடத்திய பனியன் கம்பெனி என்றால், ஒருவர் இறந்ததுமே கூட்டு கலைந்துவிடும். மகன் வந்து உட்கார்ந்தால் புதிய ஒப்பந்தமும் அதற்கேற்ற ஜிஎஸ்டி மாற்றமும் வேண்டும். இறந்த நாள்வரை அவர் சம்பாதித்த வருமானத்துக்கு வருமான வரிக் கணக்கும் வாரிசு ஒருவர் பெயரைப் பதிந்து தாக்கல் செய்ய வேண்டும். ஆடிட்டரிடம் இறப்புச் சான்றிதழோடு அவருடைய பான் அட்டையையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், கணக்கு முடியும்வரை அந்த அட்டையை வருமான வரித் துறையிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டாம்.